சூரியன் எம்மொழிச் சொல்?

சூரியன் என்னும் சொல் தமிழினின்றே வடமொழி புகுந்தது என்பார் உளர். அவர் காட்டும் வழி இது: சுள் என்பது வெம்மை உணர்த்தும் வேர், சுடு, சூடு, சுரம் முதலியன அதனின்று பிறந்தன, அவ்வேரே சுர் எனத் திரிந்து, சூர் என நீண்டு, சூரன், சூரியன் என வளர்ந்தது. தேவநேயப் பாவாணர் (1902–1981) வகுத்த வேர்ச்சொல் முறையைப் பின்பற்றுவோரிடையே இக்கூற்று வழங்குகின்றது. மொழிஞாயிறு என்று போற்றப்பெற்றவர் வழியிலேயே ஞாயிற்றின் சொல்லைப் பற்றிய வழக்கு நடப்பதும் ஒரு பொருத்தமே.

இவ்வழக்கு புலவர்களோடு நிற்பதன்று. பேராக்கில், ஈப்போவைச் சூழ்ந்த பழைய இரப்பர்த் தோட்டப் பள்ளிகளில் பயிலும் மாணவன் மலாயும் கற்கின்றான். அங்கே ‘சூரியா’ என்றொரு சொல்லைக் காண்கின்றான். “இஃது எவர் சொல் ஐயா?” என்று அவன் வினவினால், ஆசிரியர் சான்றுள்ள விடையன்றோ கூறல் வேண்டும்?

சுள் என்பதிலிருந்து சுடு, சூடு வரையில் வழி செவ்விது. சூர் என்னுமிடத்தில்தான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. சங்க நூல்களில் சூர் என்பது அச்சத்தையும் அச்சந்தரும் தெய்வத்தையும் உணர்த்தும். ஞாயிற்றை உணர்த்தக் காணோம். சூரன் என்பதற்குக் கதிரவன் என்று அகராதி கூறுவது உண்மையே. ஆயின் அது வடமொழிச் ‘சூர’ என்பதன் தமிழ் வடிவம். வந்த சொல்லையே பிறந்த சொல்லுக்குச் சான்றாக்குதல் முறையன்று.

மறுபுறம் உள்ள சான்றோ வலியது. இருக்கு வேதத்தில் ஒளியையும் கதிரவனையும் குறிக்கும் ‘ஸ்வர்’ என்னும் சொல் உண்டு. சூர்ய என்பது அதன் இனம். அவெஸ்தா மொழியில் அது ஹ்வர், கிரேக்கத்தில் ஹீலியோஸ், இலத்தீனில் சோல், லித்துவேனியத்தில் சௌலே. இவை தற்செயலாக ஒத்தவை அல்ல. வடமொழி ஸகரம் அவெஸ்தாவிலும் கிரேக்கத்திலும் ஹகரமாதல் ஒழுங்கான மாற்றம். ஏழு என்னும் எண்ணை நோக்குக: சப்த, ஹப்த, ஹெப்தா, இலத்தீனில் செப்தெம். ரகரத்துக்கு ஈடாக இலத்தீனில் லகரம் நிற்பதும் அத்தகையதே. ஒளிர்தலைக் குறிக்கும் வடமொழி ‘ருச்’, ஒளியைக் குறிக்கும் இலத்தீன் ‘லூக்ஸ்’ என்பவற்றை ஒப்பிட்டால் விளங்கும். சூர் என்னும் தமிழ்ச்சொல்லே தாய் எனின், லித்துவேனியர்க்கும் உரோமர்க்கும் லகரம் எங்ஙனம் கிடைத்தது? இதற்கு விடை கூறாது மேலே செல்ல இயலாது.

இரவி, ஆதித்தன் என்பவற்றையும் தமிழாக்க முயல்வது வீண். ரகரம் தமிழில் மொழிமுதல் வாராது. இரவியின் முன்னுள்ள இகரமே அது வந்த சொல் என்பதைக் காட்டிக் கொடுக்கின்றது. ஆதித்தன் அதிதியின் மகன். பகலைச் செய்பவன் திவாகரன். தமிழின் பழைய நிகண்டே இயற்றியவர் பெயரால் திவாகரம் எனப்படுகின்றது. அதனால் அந்நூலின் பெருமை என்ன குறைந்துவிட்டது?

வடமொழி மட்டும் கடன் வாங்காததா? கதிரவனுக்கு வழங்கும் ‘மிஹிர’ ஈரானியச் சொல். ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் பெயரிலேயே அது நிற்கின்றது. அவர் தம் சோதிட நூலில் ஆளும் ‘ஹேலி’ கிரேக்கரிடம் பெற்றது. தமிழிடமும் வடமொழி பெற்றதுண்டு. குண்டர்ட் 1869-இலேயே திராவிடக் கூறுகளை எடுத்துக்காட்டினார். பரோ 1955-இல் வெளியிட்ட வடமொழி பற்றிய நூலில் நீர, மீன முதலியவற்றோடு, தீயைக் குறிக்கும் ‘அனல’ என்பதையும் திராவிட வழியினதாகக் கொண்டார். வெம்மைச் சொற்களில் உரிமை கொண்டாட விரும்புவோர்க்கு அனல் நல்ல இடம். தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் அது வேரூன்றி நிற்பது. சூரியனையும் அதனோடு சேர்த்துக் கட்டினால், கேட்போர் அனலையும் ஐயுறுவர். இந்த இழப்பே பெரிது.

பாவாணர் ‘ஒப்பியன் மொழிநூல்’ (1940) முதலாக நாட்டுப்புறச் சொற்களுக்குக் கொடுத்த மதிப்பு மறக்கத்தக்கதன்று. அவ்வழியிற் சென்றிருந்தால் அவர் மாணாக்கர் ஞாயிற்றுக்குரிய வேறொரு சொல்லைக் கண்டிருப்பர். வெயில் ஏறினால் இரப்பர்ப் பால் ஓட்டம் குறையும். ஆகவே பால்வெட்டுக்கு விடியுமுன் எழுந்தவர்கள் தோட்டத்து மக்கள். அவர்கள் வாயில் சூரியன் உதிப்பது அரிது. பொழுது கிளம்பும், பொழுது உச்சிக்கு வரும், பொழுது சாயும். காலம் என்னும் பொருளோடு கதிரவன் என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. தெலுங்கில் பொத்து, கன்னடத்தில் ஹொத்து என அதன் உடன்பிறப்புகள் இவ்விரு பொருளும் தாங்கி நிற்கின்றன.

ஞாயிறும் அத்தகையதே: மலையாளத்தில் ஞாயர், கன்னடத்தில் நேசறு. மலாய்க்காரரும் சூரியாவைப் பெற்றபோது, நாளின் கண் எனப் பொருள்படும் தம் ‘மாத்தாஹாரி’யைக் கைவிட்டாரல்லர். மாணவன் வினவும்போது இவ்விரண்டனையும் அருகருகே கரும்பலகையில் எழுதி, அவற்றின் கீழே பொழுது, பொத்து, ஹொத்து என்று எழுதிக் காட்டலாம்.