ஐந்து காயங்களும் நம் புனிதர் வரலாறுகளும்

புனிதர் வரலாறுகளைத் திறனாய்வு செய்வது பக்திக்கு முரணானது என்ற எண்ணம் நம்மவரிடையே உண்டு. விவிலியத்தையே வரிவரியாக ஆய்ந்து கற்கும் காலம் இது. அப்படியிருக்க, புனிதர் ஒருவரைப் பற்றி எவரோ எழுதிய சிறுநூலை மட்டும் கேள்விக்கு அப்பால் வைப்பது முறையன்று. ஆண்டவரின் ஐந்து காய அடையாளங்களைத் தம் உடலில் பெற்றோரைப் பற்றித் தமிழில் வழங்கும் பக்தி நூல்களின் எழுத்துமுறையை இக்கட்டுரையில் சற்று உரைத்துப் பார்க்க விழைகிறோம். இதற்குத் தூண்டுதலாக அமைந்தது, பரளச்சிப் பக்கத்தில் ஒரு தாய் நம்மிடம் கேட்ட கேள்வி.

கண்மாய் வற்றிக் கிடந்த கோடைக்காலத்தில் நோயாளிகளைச் சந்தித்து நற்கருணை வழங்கச் சென்றிருந்தோம். சீமைக்கருவேலங் காட்டில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பம் அது. குடும்பத் தலைவர் கீழே விழுந்து இடுப்பொடிந்து படுக்கையாகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண். மாதா படத்தின் கீழே புனித பாத்ரே பியோ பற்றிய சிறுநூல் ஒன்று இருந்தது. அதை அந்தத் தாய்க்குக் கொடுத்தவர்கள் நாமேதான். அவர் அதைப் படித்து முடித்திருந்தார். "சாமி, அவருக்கு வந்த காயம் வரம்னு எழுதியிருக்கு. என் வீட்டுக்காரருக்கு வந்த காயத்தை ஊரே சாபம்னு சொல்லுது. ரெண்டும் புண்ணுதானே சாமி?" என்று கேட்டார். உடனடியாக மறுமொழி கூற நம்மால் இயலவில்லை. அந்நூலிலும் அதற்கு விடை இல்லை.

வீடு திரும்பியதும் அந்நூலையும், அதையொத்த வேறு சில நூல்களையும் மீண்டும் படித்தோம். எல்லாம் ஏறத்தாழ ஒரே அமைப்பில் இருந்தன. குழந்தைப் பருவப் பக்திக்கு ஒரு பக்கம்; குருத்துவ வாழ்வுக்கு ஒரு பக்கம்; அதன்பின் இரத்தம், நறுமணம், ஒரே நேரத்தில் ஈரிடங்களில் தோன்றுதல், மருத்துவர் திகைத்தல் ஆகியவற்றுக்குப் பல பக்கங்கள்; முடிவில் மன்றாட்டு. வாசகர் வியப்படைய வேண்டும் என்பதே நோக்கம். இதைக் கூறும்போது நம்மையும் விலக்கிக்கொள்ள இயலாது. செப்டம்பர் 23-ஆம் நாள், அப்புனிதரின் நினைவுத் திருப்பலியில், இதே அமைப்பில்தான் நாமும் பன்முறை மறையுரை ஆற்றியுள்ளோம்.

இந்நூல்களில் உள்ள பெருங்குறை, இல்லாததைச் சொல்வதன்று. காயம் பெற்றவர்கள் எதை மறைக்க முயன்றார்களோ, அதையே நூலாசிரியர்கள் முன்னிறுத்திக் காட்டுகிறார்கள் என்பதே அது.

வரலாற்றைப் பாருங்கள். அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் 1224-இல் லா வெர்னா மலையில் ஐந்து காயங்களைப் பெற்றார். அவர் குருவல்லர், திருத்தொண்டர். உயிரோடிருந்த காலத்தில் மிகச் சிலரே அக்காயங்களைக் கண்டனர். அவர் அவற்றை எவ்வளவு கவனமாக மறைத்தார் என்பதை, 1228-29-இல் முதல் வரலாற்றை எழுதிய செலானோ நகர்த் தோமாவே பதிவு செய்திருக்கிறார். அதாவது, இவ்வகை எழுத்தின் தொடக்கத்திலேயே அந்த மறைப்பும் இடம்பெற்றிருந்தது. பின்னர் வந்த நாம்தான் அதைக் கைவிட்டோம்.

பாத்ரே பியோ 1910-இல் குருவானார். 1918 செப்டம்பர் 20-இல், இத்தாலியின் சான் ஜோவான்னி ரொத்தோந்தோ மடத்தில், அவருடைய கைகளிலும் கால்களிலும் விலாவிலும் காயங்கள் தோன்றின. அடுத்த மாதம் தம் ஆன்ம வழிகாட்டிக்கு எழுதிய மடலில் அவர் பெருமிதம் கொள்ளவில்லை. வெட்கமும் கலக்கமுமே அதில் தெரிகின்றன. வேதனை இருக்கட்டும், வெளி அடையாளம் நீங்கட்டும் என்பதே அவருடைய மன்றாட்டு. பிற்காலத்தில் விரல்கள் மட்டும் தெரியும் கையுறைகளால் கைகளை மூடிக்கொண்டார். 1923-இல், இந்நிகழ்வுகள் இயற்கைக்கு மேற்பட்டவை என உறுதிப்படவில்லை என்று உரோமைத் திருத்துறை அறிவித்தது. 1931 முதல் 1933 வரை மக்கள் முன்னிலையில் திருப்பலி நிறைவேற்ற அவருக்குத் தடை இருந்தது; ஒப்புரவு அருட்சாதனம் வழங்கவும் தடை விதிக்கப்பட்டிருந்தது. அவர் எதிர்த்துப் பேசவில்லை. தனியே திருப்பலி நிறைவேற்றினார். தடை நீங்கியதும் மீண்டும் ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்தார். துன்புறுவோருக்கென அவர் எழுப்பிய பெரிய மருத்துவமனை 1956-இல் திறக்கப்பட்டது. 1968-இல் அவர் இறந்தபோது காயங்கள் வடுவுமின்றி மறைந்திருந்தன. 2002-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. நாம் படித்த சிறுநூல்களில் அந்தத் தடைக்காலம் "பொறாமையாளரின் சூழ்ச்சி" என்ற அளவில் முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு ஆண்டுக் கீழ்ப்படிதலை ஓர் அதிகாரமாக எழுதியவர் ஒருவரும் இல்லை.

இத்தாலி வரை செல்லவும் தேவையில்லை. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில், புத்தன்சிறாவில் பிறந்த புனித மரியம் திரேசியா (1876-1926) ஐந்து காய அடையாளங்களைப் பெற்றவர். அவரும் அவற்றை மறைத்தே வாழ்ந்தார். அவரிடம் தோன்றிய அரிய நிகழ்வுகளைக் கண்டு ஆயர் யோவான் மேனாச்சேரி ஐயுற்றார். 1902 முதல் 1905 வரை, ஆயரின் ஆணைப்படி, பங்குத்தந்தை யோசேப்பு விதயத்தில் அவருக்குப் பேயோட்டும் சடங்கைப் பலமுறை நிகழ்த்தினார். அதே குருதான் இறுதிவரை அவருடைய ஆன்ம வழிகாட்டியாகவும் இருந்தார்.

இங்கேதான் தூய குரு ஒருவரை நாம் காண்கிறோம். அவர் உடலில் காயமில்லை. ஒருபுறம் ஆயரின் ஐயம், மறுபுறம் ஓர் ஏழைப் பெண்ணின் வேதனை. நடுவே நின்ற அவர், ஆயருக்குக் கீழ்ப்படிந்தார், அப்பெண்ணையும் கைவிடவில்லை. அப்பெண் நோயாளரைத் தேடிச் சென்று பெரியம்மை, தொழுநோய் கண்டோரையும் பேணியவர். அவர் 1914-இல் திருக்குடும்பத் துறவற சபையைத் தோற்றுவிக்கவும் துணைநின்றார். அவர் மறைந்த பிறகும் அச்சபையை வளர்த்து, 1964-இல் அதே ஜூன் 8-ஆம் நாளில் உயிர்நீத்தார். மரியம் திரேசியா 2019-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவரைப் பற்றி எழுதுவோர் காயங்களை விவரிக்கும் ஆர்வத்தில் பாதியையேனும் இந்தப் பங்குத்தந்தையிடம் காட்டியிருந்தால், குரு என்பவர் யார் என்பதை நம் மக்கள் அறிந்திருப்பர்.

நம் மண்ணிலும் இதே குறை உண்டு. புனித அருளானந்தர் 1686-இல் மறவ நாட்டில் சிறைப்பட்டு அடியும் வதையும் ஏற்றார். விடுதலையாகி ஐரோப்பாவுக்குச் சென்றவர், 1690-இல் மீண்டும் இந்தியா வந்தார்; தம்மைக் காயப்படுத்திய நாட்டுக்கே பணியாற்றத் திரும்பினார்; 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். ஓரியூர்ச் செம்மணலை நம் வீடுகளில் போற்றி வைத்திருக்கிறோம். அந்தத் திரும்பிவருதலை எத்தனை பேர் நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

பவுலடியார் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் முடிவில், இயேசுவின் அடையாளங்களைத் தம் உடலில் தாங்குவதாகக் குறிப்பிடுகிறார். அங்கு அவர் கையாளும் கிரேக்கச் சொல், அடிமைகளுக்கு இடப்பட்ட சூட்டுத் தழும்பையும் குறிக்கும். பணியில் பட்ட கசையடிகளும் கல்லடிகளும் தந்த தழும்புகளையே அவர் கருதினார் என்பர் மறைநூல் வல்லுநர் பலர். திருச்சபையும் அரிய அடையாளங்களைக் கொண்டு ஒருவரைப் புனிதர் எனத் தீர்மானிப்பதில்லை. நற்பண்புகளில் அவர் காட்டிய வீரத்தையே ஆராய்கிறது. இயற்கைக்கு மேற்பட்டவை எனக் கூறப்படும் நிகழ்வுகள் குறித்து 2024 மே மாதம் உரோமை வெளியிட்ட புதிய நெறிமுறைகளும், அவற்றை அவ்வாறே என உறுதிப்படுத்தி அறிவிப்பதைப் பொதுவாகத் தவிர்க்கின்றன. அன்னையாகிய திருச்சபை இத்துணை நிதானத்துடன் அணுகும்போது, நம் சிறுநூல்கள் ஏன் இவ்வளவு விரைகின்றன?

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். அடுத்த முறை சென்றபோது, அருப்புக்கோட்டையிலிருந்து செவிலியர் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்றோம். நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கும் முறையை அவர் கற்றுக்கொடுத்தார். பிறவிப் பார்வையற்றவரைக் காட்டி யார் செய்த பாவம் எனச் சீடர் வினவியபோது, இவரும் அல்லர், இவர் பெற்றோரும் அல்லர் என ஆண்டவர் மறுத்ததை அவ்வில்லத்தாருக்கு எடுத்துரைத்தோம். சாபம் என்னும் சொல்லுக்கு அங்கே இடமில்லை. அந்தப் புண்ணை வரம் என்றும் நாம் கூறவில்லை. புண்ணுக்கு மருந்திட வேண்டும். அதுவே அன்பின் கடமை.

பின்னர் மரியம் திரேசியாவின் இறுதி நாள்களைப் பற்றிய பகுதியை வாசித்துக் காட்டினோம். ஐந்து காயங்களைப் பெற்ற அவர் உயிர்நீத்தது அவற்றால் அன்று. காலில் ஒரு பொருள் விழுந்து உண்டான சாதாரணக் காயம், நீரிழிவு நோயால் ஆறாமல் முற்றி அவருடைய உயிரைப் பறித்தது. நாம் வாசித்த நூலில் இதற்கு ஒதுக்கப்பட்டது ஒரே ஒரு வரி. அந்தத் தாய் கண்ணிமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் புண்ணை யாரு சாமி கழுவிக் கட்டிவிட்டது?" என்றார்.

நூலைப் புரட்டிப் பார்த்தோம், இல்லை. புனிதர் வரலாறு எழுதும் அன்பர்கள் இனி எழுதும்போது அதையும் எழுதுவார்களாக.