கறுப்பா, நீலமா: ரேடியேட்டர் ஹோஸ் யாருக்கு எது?

சென்னை ஜி.பி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ரேடியேட்டர் ஹோஸ் கேட்டால் கவுன்டருக்கு மூன்று வகையாவது வந்துவிடும். வண்டி கம்பெனி உறையில், வளைவோடு வார்த்த கறுப்பு ஹோஸ். அதே வளைவில், விலை மட்டும் குறைந்த லோக்கல் ஹோஸ். நீலமாகப் பளபளக்கும் சிலிக்கான் ஹோஸ். இன்னும் கேட்டால், எந்தப் பக்கமும் வளைகிற, மடிப்பு மடிப்பான யுனிவர்சல் ஹோஸும் உள்ளேயிருந்து வரும். வாங்க வந்தவர் ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கிப் பார்த்து, கெட்டியாக இருப்பதைக் காட்டி "இதைக் கொடுங்க" என்பார். புது ஹோஸின் தரத்தைப் பற்றி இந்த அமுக்கல் ஏறக்குறைய எதையும் சொல்லாது.

ஹோஸ் பெரும்பாலும் உள்ளிருந்துதான் கெடுகிறது. கழற்றிப்போட்ட பழைய ஹோஸ் ஒன்றைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். வெளித்தோல் நன்றாகவே இருக்கும். கிளிப் உட்காரும் இடத்திலிருந்து ஓரிரு அங்குலத்துக்குள், உள்சுவரில், நகத்தால் கீறியது போல மெல்லிய வெடிப்புகள் நீளமாக ஓடும். என்ஜினின் உலோகம், கூலண்ட், ரப்பரில் கலந்திருக்கும் கார்பன் கரி மூன்றும் சேர்ந்து அங்கே ஒரு சின்ன மின்கலம் உருவாகிவிடுகிறது. அதில் ஓடும் மின்சாரம் கொஞ்சம்தான். ஆனால் வருடக்கணக்கில் ஓடி ரப்பரை அரிக்கிறது. வெடிப்பு வழியே கூலண்ட் இறங்கி நடுவிலுள்ள நூலை வலுவிழக்கச் செய்யும். அதன் பிறகு ஒரு நாள் மேட்டில் ஏறும்போது வெடிக்கும். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ., குளிரூட்டி ஹோஸுக்கு ஜே 20 என்ற தரநிலை வைத்திருப்பதோடு நிற்காமல், இந்த அரிப்புக்கென்றே ஜே 1684 என்று தனிச் சோதனையும் வகுத்திருக்கிறது. அமுக்கிப் பார்க்க வேண்டியது வண்டியிலிருக்கும் பழைய ஹோஸைத்தான்: என்ஜின் ஆறியபின், கிளிப்புக்குப் பக்கத்தில், இரண்டு விரலால். நடுப்பகுதியைவிட அங்கே தொளதொளவென்று இருந்தால் மாற்றிவிட வேண்டியதுதான்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு சிலிக்கானுக்கு வருவோம். அதன் பெருமைகள் பொய்யல்ல. சுமார் 180 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், மெதுவாக மூப்படையும், மேற்சொன்ன மின்வேதி அரிப்பும் அதை அவ்வளவாகத் தொடாது. ஆனால் வீட்டுக் காருக்கு அந்த 180 எதற்கு? ரேடியேட்டர் மூடி தாங்குவது ஏறக்குறைய 1 பார் அழுத்தம். அந்த அழுத்தத்தில் பாதிக்குப் பாதி கிளைக்கால் கலந்த கூலண்ட் கொதிப்பது 130 டிகிரியை ஒட்டித்தான். என்ஜின் அதையும் தாண்டிச் சூடானால் ஹோஸுக்கு முன்னால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். அப்போது ஹோஸ் மட்டும் நீலமாக நலமாக இருந்து யாருக்கு லாபம்? தவிர, சிலிக்கான் சுவர் நீராவியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். கசிவே இல்லாமல் டேங்கில் மட்டம் குறைவது இதனால்தான். துளை வெட்டிய சாதாரண ஸ்குரூ கிளிப் மாட்டினால் அந்த மெத்தென்ற சுவரைக் கடித்துவிடும், உட்புறம் வழவழப்பான பட்டி வேண்டும். தினமும் வெந்து ஓடும் பஸ், லாரி, அவற்றைக் கவனிக்கச் சொந்த ஒர்க்‌ஷாப் என்று இருப்பவர்களுக்கு இந்தச் செலவு பலிக்கும். மற்றவர்களுக்கு அது பானட்டைத் திறந்து காட்டிக்கொள்ளும் அலங்காரம்.

கறுப்பு ஹோஸ் என்பது நல்ல இடத்தில் ஈ.பி.டி.எம். ரப்பர். கிளைக்காலையும் ஓசோனையும் 125 டிகிரி வரையிலான தொடர் சூட்டையும் அது பொறுக்கும். அதற்கு ஆகாதது எண்ணெய் ஒன்றுதான். வால்வ் கவரில் ஆயில் கசிந்து சொட்டினால் எவ்வளவு உயர்ந்த ஹோஸானாலும் உப்பி இளகிவிடும், பழி கடைக்காரர் தலையில் விழும். மாட்டும்போது சுலபமாக ஏறட்டும் என்று கிரீஸ் தடவுகிற மெக்கானிக்கும் இதே காரியத்தைத்தான் செய்கிறார். சோப்புத் தண்ணீரோ ஒரு சொட்டுக் கூலண்டோ போதும்.

லோக்கல் ஹோஸ் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். எது நல்லது என்று தெரிந்துகொள்ள வழியில்லாததுதான் சிக்கல். வெட்டு முனையைப் பார்த்தால் ஓரளவு பிடிபடும்: உள்ரப்பர், நூல் பின்னல், வெளிரப்பர் என மூன்று அடுக்கும் தெரிய வேண்டும், சுவர் சுற்றிலும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். தயாரிப்பாளர் பெயரும் பாகத்தின் எண்ணும் தயாரித்த மாதமும் இல்லாத ஹோஸ் என்ன விலையானாலும் வேண்டாம். புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய ஹோஸைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

யுனிவர்சல் ஹோஸ் வண்டியை வீடு கொண்டுபோய்ச் சேர்க்க மட்டும். வளைத்து மாட்டியது எப்போதும் நிமிரவே பார்க்கும். அந்த இழுப்பு முழுவதும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்தில் இறங்கும். மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் நேர் ஹோஸை, உள்விட்டம் சரியாக இருந்தால், ஹீட்டர் லைனுக்குப் போடலாம். 16 மி.மீ. குழாயில் 19 மி.மீ. ஹோஸை மாட்டி கிளிப்பை முறுக்கிச் சரிக்கட்டுவது ஏமாற்று வேலை. பெட்ரோல் ஹோஸ் அளவில் பொருந்தினாலும் ஆகாது. அதன் ரப்பர் எண்ணெய்க்கானது, சூடான கிளைக்காலுக்கானதல்ல.

ஆக, வீட்டுக் காருக்கு என் ஓட்டு வண்டி கம்பெனி உறையில் வரும் வார்ப்பு ஈ.பி.டி.எம். ஹோஸுக்கு, அல்லது அந்தக் கம்பெனிக்குச் சப்ளை செய்பவரே தம் பெயரில் விற்பதற்கு. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் ஒன்றாக மாற்றிவிடலாம், இரண்டுக்கும் வயது ஒன்றுதான். கீழ் ஹோஸ் பம்ப் உறிஞ்சும் பக்கம் இருப்பதால், பழையதன் உள்ளே கம்பிச் சுருள் இருந்தால் புதியதிலும் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். இல்லாவிட்டால் வேகமெடுக்கும்போது சப்பிக்கொள்ளும். கம்பெனி மாட்டிய ஸ்பிரிங் கிளிப் பிடிப்பு இழக்காமல் இருந்தால் அதையே திரும்பப் போடச் சொல்லுங்கள். ரப்பர் சூட்டில் விரிந்து ஆறிச் சுருங்கும்போது அதுவும் கூடவே நெருக்கும், ஸ்குரூ கிளிப்பை நாம்தான் இறுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

இவ்வளவும் ரேடியேட்டருக்குள் ஒழுங்கான கூலண்ட் இருக்கிறது என்ற நம்பிக்கையில் சொன்னது. உப்பு நிறைந்த போர் தண்ணீரை ஊற்றுகிறவருக்கு மேற்படித் தீர்ப்பு செல்லாது. அந்தத் தண்ணீரில் மின்சாரம் தாராளமாகப் பாயும், உள்சுவரில் கீறல் விழ அவ்வளவு காலம் ஆகாது.