படர்க்கையில் நிற்கும் பெண்கள்

ஒரு கைப்பிரதியைப் பற்றியது இக்கட்டுரை. பிரதி இன்னும் அச்சேறவில்லை. அச்சேறலாமா என்று என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறார்கள். எழுதியவர் அரியலூர்ப் பக்கத்துப் பெண். பெயர் இங்கு அவசியமில்லை. தாய்லாந்தில், மதுக்கூடங்களில் வேலை பார்க்கும் பெண்களுக்கென்று நடக்கும் ஒரு நிலையத்தில், மூன்று மாதம் சம்பளம் வாங்காமல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பியவர். கல்லங்குறிச்சியிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் போட்டு நான் விஷயத்தை முடித்திருக்கலாம். பத்திரிகையில் எழுதக் காரணம், பிரதியின் கோளாறு அவருடையது மட்டுமல்ல என்பதுதான். நூறு வருஷத்துக்கு மேலாக இந்த மண்ணில் புழங்கிவரும் ஒரு எழுத்துமுறை அவர் கையைப் பிடித்து எழுதியிருக்கிறது.

நூற்றிருபது பக்கங்கள். மொழி சுத்தமானது; ஜோடனை இல்லை; பொய்யும் இல்லையென்றே நம்புகிறேன். ஆனால் எழுவாய்களை எண்ணிப் பார்க்க வேண்டும். நான் அதிர்ந்தேன், நான் அழுதேன், நான் உணர்ந்தேன், நான் வெட்கப்பட்டேன். பெண்கள் வருகிறார்கள், படர்க்கையில், அதுவும் பெரும்பாலும் பன்மையில். அவர்கள் சிரித்தார்கள், அவர்கள் கண்களில் சோகம் தெரிந்தது. கடைசி அத்தியாயத்தில் விமான நிலையம், கட்டிப்பிடித்து அழுகை. எழுதியவர் வேறு மனுஷியாக ஊர் திரும்புகிறார். அந்தப் பெண்கள் அன்று இரவு எத்தனை மணிக்கு வேலைக்குப் போனார்கள், தாமதமாகப் போனதற்குச் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்பது பிரதியில் இல்லை. மீட்கப் போனவர் மீண்டு வந்த கதையாகவே இது முடிந்துவிட்டது.

தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்று இடம் சொல்கிறது நம் இலக்கணம். இந்தப் பிரதியில் முன்னிலை இல்லை. அந்தப் பெண்களில் யாரும் எழுதியவரைப் பார்த்து 'நீ' என்று பேசுவதில்லை, ஓரிடம் தவிர. அன்றைய பாடம் பழங்களின் பெயர்கள். வகுப்பில் மூத்தவளான ஒருத்தி, பழம் போதும், பணத்தை முதலில் கொடு என்று ஒருவனிடம் எப்படிச் சொல்வது, அதைச் சொல்லிக்கொடு என்கிறாள். ஆசிரியை திகைக்கிறார், பேச்சை மாற்றி மாம்பழத்துக்குத் திரும்புகிறார். அடுத்த பாராவில் அந்தப் பெண்ணின் நிலையை எண்ணி வருந்துகிறார். பிரதியில் ஜீவனுள்ள பக்கம் இது ஒன்றுதான். அதை எழுதியவரே தாண்டிப் போய்விட்டார்.

இந்த எழுத்துமுறைக்கு வம்சாவளி தேடிப் பாங்காக் வரை போக வேண்டாம். திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் போதும். அயர்லாந்தில் 1867-ல் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியா வந்தார். 1901-ல், கோயிலுக்கு விடப்பட இருந்த ஒரு சிறுமி அவரிடம் தப்பி வந்தாள். டோனாவூர் இல்லம் அதிலிருந்து வளர்ந்தது. அவர் தமிழ் படித்தார், புடவை உடுத்தினார். 1951-ல் அங்கேயே இறக்கும்வரை சொந்த நாட்டுக்கு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. மூன்று மாதத் தொண்டர்களோடு சேர்த்து அவரைப் பேசுவது அநியாயம். அவர் செய்த காரியத்தையும் நான் விசாரிக்கவில்லை, குழந்தைகள் பிழைத்தார்கள். 1903-ல் வந்த 'திங்ஸ் அஸ் தே ஆர்' என்ற அவருடைய புத்தகத்தை எழுத்தாக மட்டும் பார்க்கிறேன். உள்ளது உள்ளபடி என்று அர்த்தப்படும் தலைப்பு. அந்தப் புத்தகத்தின் முன்னிலை, கடலுக்கு அப்பால் இருக்கிற கிறிஸ்தவ வாசகர். தமிழ்ச் சிறுமி அவ்விருவருக்கும் நடுவே பேசப்படுகிற பொருள். உள்ளபடி என்பதை அளக்கும் படி, அந்த வாசகரின் வீட்டுப் படி.

இதற்கு எதிர்ப்புறத்தில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' இருக்கிறது. 1936-ல் வந்த நாவல். கலையென்று அதைத் தூக்கிப் பிடிக்க என்னால் இயலாது. பாத்திரங்கள் பிரசங்கம் செய்கின்றன. கதை பிரசாரத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. ஆனால் எழுதியவர் அந்தச் சமூகத்துக்குள்ளேயே வளர்ந்தவர். மைனர்களிடமும் ஜமீன்தார்களிடமும் பணம் கறக்கும் உபாயங்கள் அவருக்குத் தெரியும். எந்த மிஷனரியையும்விட அந்தத் தொழிலை வெறுத்தவர் அவர். ஆனால் அவர் நாவலில் தொழில் தொழிலாகத் தெரிகிறது. அங்கு பெண் அனுதாபத்துக்காக நிறுத்திவைத்த பொம்மையல்ல, கணக்குப் பார்க்கிறவள்.

அந்தக் காலத்து விவாதமும் அப்படித்தான் நடந்தது. சென்னைச் சட்டசபையில் 1927-ல் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். அவருடைய தாயாரே அந்தச் சமூகத்திலிருந்து வந்தவர். அதை எதிர்த்த தாசிகளோடு பெங்களூர் நாகரத்தினம்மாள் நின்றார். சட்டம் 1947-ல் வந்தது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். ஒருத்தி சொன்னதற்கு இன்னொருத்தி நேருக்கு நேர் பதில் சொன்னாள் என்பதுதான் இங்கு முக்கியம். முன்னிலை இருந்தது.

நம் புனைகதையில் இதைப் பிரக்ஞையோடு கையாண்டவர்கள் மிகச் சிலர். புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' 1934-ல் வந்தது. அம்மாளு சந்துக்குள் போய்ச் சம்பாதித்த தொகை முக்கால் ரூபாய் என்று அவர் எழுதிவிடுகிறார். அந்த முக்கால் ரூபாயை எடுத்துவிட்டால் கதை வெறும் கோபம். ஜி. நாகராஜன் இன்னும் தூரம் போனார். 'குறத்தி முடுக்கு' 1963-ல் வந்தது. அதில் கதை சொல்லும் 'நான்' தங்கத்தை நேசிக்கிறான். அங்கிருந்து அழைத்துப் போய்விட ஆசைப்படுகிறான். அவன் ஆசைக்குத் தகுந்தபடி தங்கம் நடப்பதில்லை. அவளுக்கென்று தனிப் பாதை, தனிக் கணக்கு. மீட்பவனாகத் தன்னைக் கற்பனை செய்துகொண்ட ஒரு தன்மை ஒருமை தோற்றுப் போவதை நாகராஜன் கொஞ்சமும் பூசி மெழுகாமல் எழுதினார். 1974-ல் வந்த 'நாளை மற்றுமொரு நாளே' நாவலில், மீனாவின் பிழைப்பு மற்றெந்தப் பிழைப்பையும் போலப் பேசப்படுகிறது. கந்தனின் கவலை அவள் கற்பைப் பற்றியதல்ல, தனக்குப் பின் அவள் கதி என்ன என்பது. ஒழுக்கக் கேடு என்று அன்று முகம் சுளித்தவர்கள், உண்மையில் தங்கள் இரக்கத்துக்கு அங்கே வேலையில்லாமல் போனதற்காகச் சுளித்தார்கள்.

பாங்காக்குக்கு வருவோம். அங்கே பட்பாங் என்ற மதுக்கூடத் தெருவில் 1985-ல் 'எம்பவர்' என்ற அமைப்பு தொடங்கியது. சந்தாவிபா அபிசுக் என்ற தாய்லாந்துப் பெண் தொடங்கியது. முதல் காரியம் ஆங்கில வகுப்பு. வெளிநாட்டுத் தொண்டர்களும் வந்து கற்பித்தார்கள். ஆனால் பாடத்தைத் தீர்மானித்தது அந்தப் பெண்களின் தேவை: வெளிநாட்டு வாடிக்கையாளனிடம் பேரம் பேச, மறுக்க, நிபந்தனை சொல்ல வேண்டிய வாக்கியங்கள். நம் கைப்பிரதியில் ஆசிரியை சொல்லித்தர மறுத்த அதே வாக்கியம்தான் பட்பாங்கில் முதல் பாடம். அதே அமைப்பைச் சேர்ந்த பெண்கள் 2006-ல் சியாங் மாயில் 'கேன் டூ' என்று சொந்தமாக ஒரு மதுக்கூடம் திறந்தார்கள். வேலை நேரம், விடுமுறை, சமூகப் பாதுகாப்பு எல்லாம் அந்நாட்டுத் தொழிலாளர் சட்டப்படி. 2012-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கடத்தல்காரர்களால் சீரழிகிற பெண்களைவிட, மீட்பு நடவடிக்கைகளால் சீரழிகிற பெண்கள் தங்கள் தொழிலில் அதிகமாகிவிட்டார்கள் என்றது அது. இந்தக் கூற்றோடு ஒருவர் மல்லுக்கட்டலாம்; மல்லுக்கட்டவும் வேண்டும். ஆனால் அதன் எழுவாயைத் தமிழில் சொன்னால் 'நாங்கள்'. நாங்கள் என்பது எதிரே நிற்பவரை வெளியே நிறுத்தும் சொல். நம் பிரதியோ, நாம் எல்லோரும் பெண்களே என்று, கேட்காமலே அவர்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. நாம், நாங்கள் என்ற வித்தியாசம் தமிழுக்கு வாய்த்த வரம். அதை உபயோகிக்கத் தெரியாதவர்கள் அன்பின் பெயரால் அத்துமீறுகிறார்கள்.

ஒரு ஆட்சேபம் வரும். விற்கப்பட்டு, பூட்டிவைக்கப்பட்டு இருப்பவள் எங்கே பேரம் பேச முடியும்? நியாயமான ஆட்சேபம். சிங்கப்பூரில், இரவு விடுதிகளில் ஆடக் கொண்டுவரப்பட்ட வங்கதேசப் பெண்கள் மூவரின் வழக்கில், விடுதி நடத்திய தம்பதிக்கு 2020-ல் ஐந்தரை வருஷச் சிறை கிடைத்தது. வழக்கு நின்றது எதில்? பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தது, நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியது முதலான ஸ்தூலமான விவரங்களில். கண்ணில் தெரிந்த சோகம் எந்தக் கோர்ட்டிலும் சாட்சியாகாது. மீட்பு வேண்டுமென்றாலும் முதலில் வேண்டியது தொழிலின் விவரம்.

விவரம் இல்லாத இரக்கம் அதிகாரத்தின் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பம்பாய் உதாரணம். நடன மதுக்கூடங்களை மகாராஷ்டிர அரசு 2005-ல் தடை செய்தது. நட்சத்திர ஹோட்டல்களுக்கு மட்டும் விலக்கு. பெண்களின் கௌரவத்தைக் காப்பதாகச் சொன்னார்கள். உயர்நீதிமன்றம் 2006-லும், உச்சநீதிமன்றம் 2013-லும் அதைச் செல்லாதென்றன. பிழைப்பிழந்த பெண்களில் பலரைத் தடையே விபசாரத்துக்குத் தள்ளியதை உச்சநீதிமன்றம் கவனித்துச் சொன்னது. அதற்குள் எட்டு வருஷம் போய்விட்டது.

இனி, தூரம் என்ற விஷயம். கல்லங்குறிச்சியில் ராமநவமி உற்சவத்துக்குக் கூடும் கூட்டத்தை இப்பகுதியில் எல்லோரும் அறிவார்கள். நெல்லும் கம்பும் மூட்டையாகக் காணிக்கை வரும் கோயில். இந்த ஜில்லாக்களில் எத்தனையோ கிராமங்களில் திருவிழா என்றால் இரவில் 'ஆடல் பாடல்' வைக்கிறார்கள். வேனில் வந்து இறங்கி, ஒரு மறைப்புக்குப் பின்னால் உடை மாற்றி, விடியுமுன் அதே வேனில் போய்விடுகிற பெண்கள். ஒரு இரவுக்கு அவர்கள் கைக்கு வருவது என்ன, ஏஜெண்டுக்குப் போவது என்ன, மேடையில் ஒருவன் குத்தும் ரூபாய் நோட்டு யாருக்குச் சேரும் என்று நம்மில் ஒருவர்கூட எழுதியதாக நான் படித்ததில்லை. தாய்லாந்துக்குப் போனால்தான் நமக்குக் கண் திறக்கிறது. அங்கே பார்க்கும் பெண் நமக்கு உறவுமில்லை, நாளை பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்படப் போகிறவளுமில்லை. அயல்நாட்டுத் தொண்டு எழுத்தின் சௌகரியம் இது. கார்மைக்கேலுக்குத் தமிழ்நாடு தந்த தூரத்தை நமக்குப் பாங்காக் தருகிறது. அவராவது ஐம்பத்தைந்து வருஷம் இருந்து அந்தத் தூரத்தை நடந்து குறைத்தார்.

கைப்பிரதியைப் பற்றி என் அபிப்பிராயம் இதுதான். இப்படியே அச்சேறக் கூடாது. தொடக்கமும் விமான நிலையமும் போகட்டும். பழங்களின் பாடம் நடந்த அந்த வகுப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். அந்தப் பெண் கேட்டதற்கு எழுதியவர் இப்போதாவது பதில் சொல்லட்டும். மறுப்பதானால் மறுப்பின் காரணத்தை அவளிடமே சொல்லட்டும், நம்மிடமல்ல. அவள் மாதச் சம்பளம், பிடித்தம், ஊருக்கு அனுப்பும் தொகை, வாடிக்கையாளனோடு வெளியே போகக் கூடத்துக்குக் கட்டப்படும் பணம் எல்லாம் மூன்று மாதத்தில் காதில் விழாமல் இருந்திருக்காது. நினைவில் உள்ளதை எழுதட்டும்; இல்லாததை எழுதிக் கேட்கட்டும். பெயர்களை மாற்றிவிடலாம். தொகைகளை மாற்ற வேண்டாம். நாற்பது பக்கம் தேறினால் போதும், அதற்கு நான் முன்னுரை எழுதத் தயார்.