பயம் தெளிந்தால் கணக்கு வந்துவிடுமா?

பயிற்சி மருத்துவர்களுக்குப் புள்ளியியல் பிடித்திருக்கிறதா என்று கேட்டு எழுதும் ஆய்வுகளுக்கு மருத்துவக் கல்வி இதழ்களில் பஞ்சமில்லை. வகுப்புக்கு முன் ஒரு வினாத்தாள், பின் ஒன்று. 'பயனுள்ளது', 'பயமில்லை' என்ற கட்டங்களில் டிக் கூடினால் பாடத்திட்டம் வெற்றி.

பயம் நிஜம்தான். கணக்கிலிருந்து தப்பித்தோம் என்று மருத்துவம் படிக்க வந்த பிள்ளையிடம் கை-வர்க்கச் சூத்திரத்தை நீட்டினால் மிரளத்தான் செய்யும். இதமாகச் சொல்லித்தருவதில் எனக்கு ஆட்சேபமே கிடையாது. பிடித்துவிட்டது என்பதையே புரிந்துவிட்டது என்று எழுதிக்கொள்வதைத்தான் பல வருடங்களாக எதிர்த்து வருகிறேன்.

2007-ல் 'ஜாமா' இதழில் வின்டிஷ் குழுவினர் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 277 பயிற்சி மருத்துவர்கள். புள்ளியியல் கருத்துகளைத் தெரிந்துகொள்வது முக்கியம் என்றவர்கள் 95 சதவீதம். அதே ஆட்கள் எழுதிய தேர்வில் சராசரி மதிப்பெண் 41.4 சதவீதம். வெறும் மனப்பான்மைக் கேள்விகளோடு நிறுத்தியிருந்தால் இந்த ஓட்டை யார் கண்ணிலும் பட்டிருக்காது.

நம் பட்டமேற்படிப்பிலும் இதைப் பார்க்கிறேன். ஆய்வேட்டுக்குத் திரட்டிய எக்செல் கோப்பை வெளியே யாரிடமோ கொடுத்துவிட்டு, பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்ததா என்று மட்டும் விசாரிக்கிற மாணவரும் 'பயனுள்ளது' என்றுதான் டிக் போடுவார். அந்த டிக்கை வைத்து எந்த ஆசிரியரும் பெருமைப்படக் கூடாது.

புரிந்ததா என்று சோதிக்க ஒரு கேள்வி: ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய். நோயில்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்குத் தவறாக பாசிட்டிவ் காட்டும் பரிசோதனை. பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? 1978-ல் ஹார்வர்டில் மருத்துவர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் கேட்டதில் சரியாகச் சொன்னவர்கள் 11 பேர். 2014-ல் திரும்பக் கேட்டபோது 61 பேரில் 14.

எல்லாரும் 'மிகவும் பிடித்தது' என்று எழுதிக்கொடுத்த ஒரு வகுப்பில் நானும் இதைக் கேட்டேன். முன்வரிசை ஹவுஸ் சர்ஜன் தயங்காமல் 95 சதவீதம் என்றார். போர்டில் ஆயிரம் பேருக்கு ஒரு பெரிய வட்டம் போட்டேன். நோயாளி ஒருவர், சிவப்பு சாக்பீஸில் ஒரு புள்ளி. மீதி 999 பேரில் பொய் பாசிட்டிவ் சுமார் 50, வெள்ளைப் புள்ளிகள். எண்ணச் சொன்னேன். 51-ல் ஒன்று, 2 சதவீதம். வெள்ளைப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டு நின்றவர் கேட்டார்: "இந்த அம்பது பேர்கிட்டயும் நோய் இருக்குன்னு சொல்லி அனுப்பியிருப்பேனா சார்?"