சட்டிச் சத்தம் கேட்கிறதா?

சென்ட்ரலிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணம் போகிற மின்சார ரயிலில், பெட்டியில் தாளம் தட்டிக் கானா பாடும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முக்கியமான இரண்டு பேரும் இந்த ரூட்காரர்கள்தான். இயக்குநர் பா. இரஞ்சித்துக்கு ஆவடி பக்கம் கர்லபாக்கம். பாட்டெழுதிய அறிவுக்கு அரக்கோணம்.

இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் 19 பேரைச் சேர்த்து, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடத்தினார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்தான் குழுவின் பெயருக்கு மூலம். கானா, ராப், ராக் என்று ஆளுக்கொரு பின்னணி. சினிமா ஹிட்டுகளைத் திருப்பிப் பாடாமல், சொந்தச் சரக்கையே மேடையேற்றினார்கள். இட ஒதுக்கீட்டைப் பற்றிக்கூட பாட்டு!

சரி, எல்லாமே பிரமாதமா? இல்லை. சில பாட்டுகள் கோஷத்தோடு நின்றுவிடுகின்றன. கிடாரும் டிரம்ஸும் எகிறும்போது சட்டியும் கட்ட மோளமும் அமுங்கிப்போகின்றன. சாவு வீட்டு வாத்தியம் என்று ஒதுக்கப்பட்டவற்றை மேடைக்குக் கூட்டிவந்துவிட்டு, பின்வரிசையில் உட்காரவைத்தால் எப்படி?

இசைவாணி பாடிய 'ஐ அம் சாரி ஐயப்பா'வைக் கேளுங்கள். கோயிலுக்குள் ஏன் வரக்கூடாது என்ற கேள்வியை கோபத்தைவிட குறும்பே கூர்மையாகக் கேட்கிறது. அங்கே குரல்தான் முதலாளி, மற்றதெல்லாம் கூட்டாளி.

அடுத்தமுறை இவர்களைக் கேட்கும்போது கொள்கையை மட்டும் கேட்காதீர்கள். சட்டி கேட்கிறதா என்றும் பாருங்கள். சமத்துவம் முதலில் அங்கே தெரியவேண்டும்.