பெயரில்லாக் குதிரைகள்

ஜெய்சங்கரும் இயக்குநர் எம். கர்ணனும் சேர்ந்து தந்த ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’ (1972), ‘ஜக்கம்மா’ (1972) படங்களுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. ஹாலிவுட் கௌபாய் படங்களுக்கு இவை இம்மியும் சளைத்தவை அல்ல என்று திருநெல்வேலி நண்பர்கள் வாதாடுகிறார்கள். கர்ணனின் கேமரா, சண்டைக்காரர்களின் துணிச்சல், கதையின் வேகம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் குதிரை எங்கே?

ஹாலிவுட் கௌபாய் நாயகர்களைப் பாருங்கள். டாம் மிக்ஸின் குதிரை டோனி. 1922-ல் அதன் பெயரிலேயே ‘ஜஸ்ட் டோனி’ என்று ஒரு படம் வந்தது. ஜீன் ஆட்ரிக்கு சாம்பியன், ராய் ராஜர்ஸுக்கு ட்ரிக்கர். பம்பாயில் சண்டைப்பட நாயகி நாடியாவின் குதிரைக்குக்கூட ‘பஞ்சாப் கா பேட்டா’ என்று பெயர் இருந்தது. ஜெய்சங்கர் ஏறிய குதிரைக்கு என்ன பெயர்? வசனத்தை வரி பிசகாமல் ஒப்பிக்கிற ரசிகரும் இங்கே விழிக்கிறார்.

இது சின்ன விஷயமல்ல. யாருமற்ற பொட்டலில் ஒரு மனிதனும் ஒரு மிருகமும் ஒன்றையொன்று நம்பிக் கிடப்பதுதான் கௌபாய் படத்தின் உயிர். நாம் தொப்பியையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு, குதிரையை வாடகை சைக்கிள் மாதிரி வாசலில் நிறுத்திவிட்டோம். நாயகன் இறங்கியதும் கேமரா அதை மறந்துவிடுகிறது. அவன் அதற்குத் தண்ணீர் காட்டியதாக மனதில் நிற்கும் ஒரு காட்சியைச் சொல்லுங்கள், பார்ப்போம். ‘கங்கா’ வந்த அதே ஆண்டில் தேவர் பிலிம்ஸ் ‘நல்ல நேரம்’ படத்தில் யானைகளை நடிக்க வைத்ததே!

ஹாலிவுட்டும் யோக்கியமில்லைதான். காலில் கம்பி கட்டிக் குதிரைகளை விழத்தட்டினார்கள். 1939-ல் வெளியான ‘ஜெஸ்ஸி ஜேம்ஸ்’ படத்துக்காகப் பாறை உச்சியிலிருந்து ஆற்றில் விழவைத்த குதிரை செத்தது. அப்படி விழுந்தவை எல்லாம் பெயரில்லாத குதிரைகள். ட்ரிக்கரின் காலில் கம்பி கட்ட யாருக்குத் துணிவு வந்திருக்கும்?

குதிரைக்கும் நமக்கும் என்ன பழக்கம் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். சாஸ்தாவுக்கும் அய்யனாருக்கும் மண்குதிரை எடுத்து வைக்கிற சனம் பேசுகிற பேச்சா இது? தாமிரபரணி கடலில் சேருமிடத்தில் இருந்த காயல் துறைமுகத்தில் 13-ஆம் நூற்றாண்டிலேயே அரபுக் குதிரைகள் வந்திறங்கின. பாண்டிய மன்னர்கள் பொன்னை அள்ளிக்கொடுத்து வாங்கினார்கள். பராமரிக்கத் தெரியாததால் வருடம் முடிவதற்குள் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போயின என்று மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். நம் சினிமாவில் இருப்பதும் அதே அலட்சியம்தான்.

2021 ஆகஸ்டில் ஐதராபாத் அருகே ‘பொன்னியின் செல்வன்’ படப்பிடிப்பில் ஒரு குதிரை இறந்தது. போலீசில் வழக்கும் பதிவானது. அதன் பெயரை நான் எங்கும் படித்ததில்லை. குதிரையை வைத்துப் படமெடுக்கும் இயக்குநர்களே, படத்தின் பெயர்ப் பட்டியலில் அதன் பெயரையும், அதைப் பழக்கியவரின் பெயரையும் போடுங்கள்.