இன்னொரு பெட்டி வேண்டுமா?

மாட்டுப் பொங்கலன்று பழையசீவரத்தில் இருந்தேன். காஞ்சி வரதர் பாரிவேட்டைக்காக அந்த ஊர் மலைக்கு எழுந்தருளும் நாள். சாமி மலையேறிவிட்டால், இறங்கும்வரை பொழுது போக வேண்டுமே! திண்ணையில் அக்கா பையன் சீட்டைப் பரப்பினான். ரம்மியாக்கும் என்று உட்கார்ந்தேன். "இது டொமினியன், மாமா" என்றான்.

டொனால்ட் வக்காரினோ என்ற அமெரிக்கர் உருவாக்கி, 2008-ல் வந்த ஆட்டம். மறு வருஷமே ஜெர்மனியில் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருது வாங்கியது. ஆளுக்குப் பத்துச் சீட்டு: ஏழு செம்புக் காசு, மூன்று குட்டிப் பண்ணை. கலைத்து, ஐந்து ஐந்தாக எடுக்க வேண்டும். கையில் வந்த காசுக்கு நடுவிலிருந்து ஒரு சீட்டு வாங்கலாம். சந்தை, சுரங்கம், சூனியக்காரி என்று விதவிதமாக இருக்கிறது. வாங்கியது நம் கட்டில் சேர்ந்து, பிறகு கைக்கு வரும். கடைசியில் யார் கட்டில் நிலபுலன் அதிகமோ அவருக்கு ஜெயம்.

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினேன். தோற்றேன். ஜெயித்தது யார் தெரியுமா? அக்காவின் மாமியார். அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. படத்தை வைத்தே சீட்டை அடையாளம் சொல்கிறார். அவர் முதலில் வாங்கியது, இரண்டே காசு விலையுள்ள 'சேப்பல்'. அது வந்தால் கையிலிருந்து நாலு சீட்டு வரை அடியோடு தூக்கிப் போடலாம். குப்பையைக் கழித்தார். மிச்சமிருந்த நல்ல சீட்டுகளே திரும்பத் திரும்ப வந்தன.

"மாமா, ஃப்ரெண்டு ஒருத்தன் 'ஆல்கெமி' பெட்டியை விக்கிறான். பாதிக் காசு நீங்க போடறீங்களா?" என்றான் பையன்.

நான் பி.காம். காசு என்றால் முதலில் சரக்குக் கணக்குதான் பார்ப்பேன். அவனிடமிருப்பது பழைய பதிப்பு. அதில் 25 வகைச் சீட்டு. ஒரு ஆட்டத்துக்குப் பத்து வகை. இருபத்தைந்தில் பத்தை எத்தனை விதமாகப் பொறுக்கலாம்? 32,68,760. தினம் ஒரு ஆட்டம் போட்டாலும் கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் வருஷத்துக்குத் தாங்கும். பையன் இதுவரை முப்பது ஆட்டம் போட்டிருக்கிறானாம். குடோன் நிறைய சரக்கு தூங்கும்போது எந்த முதலாளியாவது புது ஆர்டர் கொடுப்பாரா?

சரி, ஆல்கெமி எப்படி? 2010-ல் வந்த இணைப்பு. ரசவாதி, கோலம் என்ற களிமண் பூதம், ஞானக்கல் என்று மாயாஜாலம் தூக்கல். மொத்தம் 12 வகை. அதில் பத்தை வாங்கக் காசு மட்டும் போதாது. 'போஷன்' என்ற மருந்துப் புட்டியும் வேண்டும். புட்டிக்கு விலை நாலு காசு. நடுவில் அந்த மாதிரிச் சீட்டு ஒரே ஒரு வகைதான் இருக்கிறது என்றால், அதற்காகப் புட்டி வாங்குவது பெரும்பாலும் நஷ்டம். மூன்று நாலு வகை சேர்ந்து வந்தால்தான் ருசிக்கும். அதாவது, பழைய சீட்டோடு சுலபமாக ஒட்டாத சீட்டு. தனிச் சமையல் கேட்கும் விருந்தாளி! யோசனை அருமை, சந்தேகமே இல்லை. ஆனால் முதலில் வாங்க வேண்டிய இணைப்பு இதுவல்ல. அதற்கு முன் 2009-ல் வந்த 'இன்ட்ரீக்' இருக்கிறது. அதில் 25 வகை. புட்டித் தொல்லை கிடையாது.

பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். பராந்தக சோழன் காலம், 919-லும் 921-லும் வெட்டியது. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். நம் சீட்டுக் கலைப்பு மாதிரிதான். ஆனால் அவர்கள் அதிகம் கவலைப்பட்டது எந்த ஓலை குடத்துக்குள் போகக்கூடாது என்பதில். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் போகாது. அவன் சொந்தக்காரன் பெயரும் போகாது. குடத்தில் கண்டதையும் போட்டுவிட்டு நல்லது வரும் என்று காத்திருக்கவில்லை அவர்கள். அந்தம்மாவின் சேப்பலும் அந்தக் கட்சிதான்.

இன்னொன்று. அந்தம்மா படம் பார்த்துப் பழக ஒரு வாரம் ஆனதாம். புதுசாகப் பன்னிரண்டு படமும் ஒரு புட்டியும் வந்தால், "நீங்க ஆடுங்கப்பா" என்று எழுந்து போய்விடுவார். பெட்டி கூடும், ஆள் குறையும். உங்கள் வீட்டிலும் எந்த ஆட்டத்துக்கு இணைப்பு வாங்குவதானாலும், கூட உட்காரும் ஆட்களைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பாதிக் காசு தரமாட்டேன் என்றேன். பையன் முகம் தொங்கிவிட்டது. அந்தம்மா சீட்டைக் கலைத்தபடி, "சாமி இறங்க இன்னும் நேரமிருக்கு தம்பி, இன்னொரு கை பார்க்கலாமா?" என்றார்.

மறுபடியும் தோற்றேன்.